பாறைக்குழியில் ஒரு ரேஷியோ பேக்கிங்

ரத்தினசாமிக்கு மாபெரும் முடிவுகள் எல்லாம் பல் துலக்கும்போதுதான் வரும். வாய் நிறைய நுரை இருப்பதால் உடனே பெண்டாட்டியிடம் சொல்லிவிட முடியாது. அந்தக் கொஞ்ச நேரமாவது அவை உயிரோடு இருக்கும்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான். கொப்பளித்துத் துப்பினார். துண்டால் மீசையை ஒற்றினார். அறிவித்தார்.

“அம்மிணி, இன்னைக்குப் போட்ல இருக்கற ரப்பர் புழுவையெல்லாம் ஒழுங்கு பண்ணப் போறேன்.”

“செரீங்க,” என்றாள் ஜெயபாரதி. தோசையைத் திருப்பினாள்.

“சீமைக்கெல்லாம் பனியன் அடுக்கி அனுப்பறவன் நானு. ஒரு போட்ல நாலு புழுவை அடுக்க முடியாதா?”

“முடியுங்க.”

“அடுக்கிப்போட்டு நாளைக்கு வெரால் புடிக்கறேன். பாரு.”

“புடிங்க. இன்னைக்கு நானும் வாறனுங்க.”

“நீ எதுக்கு?”

“இஞ்ச் டேப் எடுத்துட்டு வாறனுங்க. போட் எத்தனை நீளம், எத்தனை அகலம்னு எங்கப்பன் கேட்டுப்போட்டாருங்க.”

ரத்தினசாமிக்குத் தோசை தொண்டையில் நின்றது. இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை; ஆனாலும் நின்றது.

விஷயம் இதுதான். பொங்கலுக்கு அவர் ஒரு ஃபைபர் படகு வாங்கினார். சின்னப் படகு. இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் ஏற வேண்டுமென்றால் தண்ணீரிடம் அனுமதி கேட்க வேண்டும். சாய ஆலை மாஸ்டர் அந்தோணிராஜ் அவருக்கு உயிர்த் தோழர். அந்தோணிராஜின் மச்சான் குத்தகைக்கு எடுத்த பாறைக்குழியில் படகை விட்டார்கள். ஒரு காலத்தில் கல் உடைத்த குழி, இப்போது பனை உயரத்துக்குத் தண்ணீர். அதற்குள் விரால் இருக்கிறது. இருப்பது எல்லோருக்கும் தெரியும். ரத்தினசாமியும் அங்கே வருகிறார் என்பது விரால்களுக்கும் தெரியும்.

இப்போது சித்திரை. இத்தனை ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் படகுக்குள் ஏறிய ஒரே உயிர் ஒரு தவளை. அதுவும் ரப்பர் தவளையைப் பார்த்து சொந்தக்காரத் தவளை ஒறம்பரை வந்திருக்கிறதென்று நினைத்து ஏறியது.

போன வாரம் ஜெயபாரதி கெடு வைத்துவிட்டாள். சத்தம் போடவில்லை. அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மரியாதையை உயர்த்துவாள். அதுதான் பயம்.

“ஏனுங்க, வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்தப் போட் ஒரு மீனாவது ஊட்டுக்குக் கொண்டாரோணுங்க. இல்லீன்னா அது மடத்துக்குளம் போகட்டுங்க. எங்கப்பன் தோட்டத்துல எருமை தண்ணி குடிக்கற தொட்டி ஓட்டையாப் போச்சுங்க. போட்டு வெச்சா அளவாத்தான் இருக்குமுங்க.”

தன் படகில் எருமை வாய் வைக்கும் காட்சி அன்றிலிருந்து ரத்தினசாமியின் கனவில் தினசரி ஓடுகிறது. எருமை குடித்து முடித்ததும் தலையைத் தூக்கி, அந்தோணிராஜ் குரலில் “என்ன மாப்ள, மீனு கெடைச்சுதா?” என்று கேட்கும்.

சாமளாபுரம் பக்கம் அவர்களுக்கு வீடு மாடியில், கீழே தொழில். திருப்பூர்க் கம்பெனிகளில் தைத்து வரும் பனியனை வாங்கி, செக்கிங் செய்து, பேக்கிங் செய்து திருப்பி அனுப்பும் ஜாப் ஒர்க். செக்கிங் மேசை ஜெயபாரதியின் ராஜ்யம். பேக்கிங் மேசை ரத்தினசாமியின் ராஜ்யம். நடுவில் ஒரு ஃபேன், அது எப்போதும் ஜெயபாரதி பக்கம்தான் திரும்பி நிற்கும்.

அந்தச் செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. பனியனில் அட்டை மாட்ட டேக் கன்னால் ‘டிக்’கென்று அடிப்பார்களே, பிளாஸ்டிக் பின், அதில் ஒவ்வொரு செக்கருக்கும் ஒரு கலர். பழுது என்று ஒரு பீஸ் திரும்பி வந்தால் பின்னின் கலரைப் பார்த்தாலே போதும், யார் கை பட்டது என்று தெரிந்துவிடும். மஞ்சள் பின் ஜெயபாரதிக்கு. அவளுக்கு மட்டும். மஞ்சள் பின் அடித்த பீஸில் இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்ததில்லை. ரத்தினசாமிக்கு வாழ்க்கையில் இருக்கும் ஒரே கம்ப்ளெய்ண்ட் அதுதான்.

பின் இல்லாத இடமே அந்த வீட்டில் கிடையாது. சட்னியில் கடுகு இல்லாவிட்டாலும் பின் இருக்கும். தலை சீவினால் சீப்பில் வரும். ஒரு முறை ஜோசியக்காரர் ரத்தினசாமியின் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு, “இதென்னங்க புது ரேகை?” என்றார். பின்.

---

பாறைக்குழியில் படகு கரையோரம் கட்டிக் கிடந்தது. உள்ளே ரத்தினசாமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு சாக்குப் பை.

போன ஞாயிறு அந்தப் பைதான் மானத்தை வாங்கியது. படகுக்குப் பக்கத்திலேயே விரால் ஒன்று மேலே வந்து ‘ளபக்’கென்று காற்றுக் குடித்தது. “பச்சைத் தவளை, பச்சைத் தவளை,” என்று ரத்தினசாமி பைக்குள் கை விட்டார். சிவப்புப் புழு வந்தது. வெள்ளைக் குஞ்சு மீன் வந்தது. அந்தோணிராஜின் லுங்கி வந்தது, தூண்டில் முள்ளோடு. லுங்கிக்குள் இருந்த அந்தோணிராஜும் வந்தார். கடைசியில் பச்சைத் தவளை கையில் சிக்கியபோது அந்த விரால் வீடு போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டிருக்கும்.

“இதுக்கு மேல இப்பிடி நடக்காது,” என்றார் ரத்தினசாமி. பையைக் கவிழ்த்தார்.

கொட்டியது ஒரு ரப்பர் பிரளயம். மண்புழு, தவளை, வாலாட்டும் குஞ்சு மீன், காலுள்ளது, காலில்லாதது, எந்த ஊர்ப் பிராணி என்றே தெரியாதது. பாக்கெட்டில் சாஃப்ட் பிளாஸ்டிக் லூர் என்று பெருமையாக அச்சடித்திருக்கும். பாறைக்குழிக் கரையில் எல்லாவற்றுக்கும் ஒரே பேர், ரப்பர் புழு. தொட்டால் நல்லெண்ணெய் தேய்த்த குழந்தை மாதிரி வழுக்கும்.

“மாப்ள, அந்தந்த பாக்கெட்லயே போட்டுரலாமே,” என்றார் கரையில் நின்ற அந்தோணிராஜ்.

“போட்டா எத்தனை பாக்கெட்டப்பா பிரிக்கறது? அதுக்குள்ள வெரால் பேரன் எடுத்துரும். ரேஷியோ பேக்கிங் பண்றேன் பாரு.”

“அப்பிடின்னா?”

“ஒரு பெட்டியில எல்லாக் கலர்லயும் ஒண்ணு, எல்லா சைஸ்லயும் ஒண்ணு. சீமைப் பையர் அசார்ட்டட்னு கலந்து கேக்கறானல்ல, அதே மாதிரி. ஒரு பெட்டியத் தொறந்தா முழு ஆர்டரும் கையில.”

ஸ்டீல் டிபன் பெட்டிகளை வரிசையாக வைத்தார். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, பச்சை ஒன்று. ஸ்மால், மீடியம், லார்ஜ். கை ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் அன்று மாலையே கப்பல் ஏற்றுகிறவர் மாதிரி இருந்தது.

இதற்கிடையில் ஜெயபாரதி படகை அளந்துகொண்டிருந்தாள்.

“கொஞ்சம் காலத் தூக்குங்க.”

தூக்கினார்.

“அந்தப் பக்கம் சாயுங்க.”

சாய்ந்தார். படகும் சாய்ந்தது. ஒரு ரப்பர் தவளை நிஜத் தவளையைப் போல் தண்ணீருக்குள் குதித்தது.

“ஆழம் முழங்கைக்கு மேல வருதுங்க. கன்னுக்குட்டிக்கு எட்டாதுங்களே.”

“அம்மிணி, இது தொட்டியில்ல. போட்.”

“நாளைக்குப் பொழுது சாயற வரைக்குமுங்க,” என்றாள் அவள். டேப்பை உருட்டினாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். செக்கிங் கண் சும்மா இருக்குமா? “ஏனுங்க, டார்க்கையும் லைட்டையும் ஒண்ணாப் போடறீங்களே. கலர் இறங்கிப்போச்சுன்னா?”

“இதென்ன பனியனா? புழு வாஷிங்குக்கா போகுது?”

“வெயிலுக்குப் போகுமுங்களே. ஒவ்வொரு கம்பெனிப் புழுவும் ஒவ்வொரு மாதிரி பெசுக்குப் பெசுக்குங்குது. ஒண்ணோடொண்ணு சேருமா சேராதான்னு டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?”

ரத்தினசாமி சிரித்தார். அந்தச் சிரிப்பில் பேக்கிங் மேசை முழுதும் இருந்தது. “சாய மாஸ்டரே கரையில நிக்கறாரு. கேட்டுக்க. ஏப்பா, ரப்பர்ல சாயம் இறங்குமா?”

அந்தோணிராஜ் தாடையைத் தடவினார். ஆலையில் பெரிய பெரிய சாய மெஷினையே ஆட்டி வைக்கிறவர். ஒரு புழுவைத் தூக்கி வெயிலில் பிடித்தார். மோந்து பார்த்தார். தீர்ப்புச் சொன்னார். “ரப்பர்ல சாயம் நின்னுச்சுன்னா நின்னதுதானுங் தங்கச்சி. இடியே உழுந்தாலும் இறங்காது.”

“செரீங்க,” என்றாள் ஜெயபாரதி.

கொங்கு நாட்டில் பெண்டாட்டி இரண்டாவது தரம் ‘செரீங்க’ என்றால் விவரமான புருஷன் அந்த வேலையை அங்கேயே போட்டுவிட்டு எழுந்துவிடுவான். ரத்தினசாமி மூடியை அழுத்தி மூடினார்.

வால் கிழிந்தது, கால் ஒடிந்தது என்று கொஞ்சம் மிஞ்சியது. அதைக் கரையில் வீசினார். “இது ரிஜெக்ட்டு.”

ஜெயபாரதி குனிந்து ஒன்றொன்றாகப் பொறுக்கினாள். கையோடு வைத்திருந்த பாலிபேக்கில் வெள்ளையைத் தனியாக, கறுப்பைத் தனியாகப் போட்டாள்.

“அதெதுக்கு?”

“சும்மாதானுங்க. பல்லி ஓட்டறதுக்கு ஆகும்.”

அப்போது கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் பையன் மூச்சு விடாமல் கொட்டினான். “சார், வெஹிக்கிள் வெயிட்டிங் சார், கார்ட்டன் மார்க்கிங் மிஸ்டேக் சார், எம்.டி. டென்ஷன் சார், ப்ளீஸ் சார்.” ரத்தினசாமி பெட்டிகளைப் படகுப் பலகைக்கு அடியில் அழகாகத் தள்ளினார். அந்தோணிராஜ் பைக்கின் பின்னால் தாவினார்.

“நீ வர்லியா அம்மிணி?”

“உள்பக்கம் இன்னொருக்கா அளந்துட்டு ஸ்கூட்டர்ல வந்தர்றனுங்க. நீங்க போங்க.”

திரும்பிப் பார்த்தபோது அவள் படகில் ஏறி உட்கார்ந்து டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவருடைய தூண்டில் கழிக்குப் பக்கத்தில். அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது அவருக்கு. இவ்வளவு அளந்து என்ன பயன், நாளைக்குத்தான் விரால் வரப்போகிறதே.

---

ஞாயிற்றுக்கிழமை வெயில் பாறைக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் பாறை. நடுவில் தண்ணீர். நடுவிலும் நடுவில் ரத்தினசாமி, தொப்பியோடு. அந்தோணிராஜ் துடுப்புப் போட்டார்.

“மாப்ள, அந்தா.”

தாமரை இலை ஓரம் தண்ணீர் நெளிந்தது. ‘ளபக்.’

“பாத்துட்டே இரு,” என்றார் ரத்தினசாமி. அன்று பதற்றமே இல்லை. பலகைக்கு அடியில் கை விட்டார். முதல் பெட்டியை எடுத்தார். ஸ்டீல் சுட்டது. வேட்டியைப் பிடித்து மூடியைத் திறந்தார்.

உள்ளே புழு இல்லை. தவளை இல்லை. ஒரு களி இருந்தது.

எல்லாக் கலரும் எல்லா சைஸும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, உருகி, கட்டிப் பிடித்து, ஒரே குடும்பமாகியிருந்தன. மேலே ஒரு தவளையின் கண் மட்டும் மிச்சம். அது ரத்தினசாமியைப் பார்த்தது.

அடுத்த பெட்டி. அதே களி. அதற்கடுத்தது. அதில் களி பெட்டியை விட்டே வரமாட்டேன் என்றது.

அந்தோணிராஜ் எட்டிப் பார்த்தார். தொழில் புத்தி முந்திக்கொண்டது. “மாப்ள, இப்பிடியொரு ஷேடு எங்க ஆலையில இதுவரைக்கும் எடுத்ததே இல்ல. சாம்பிள் குடேன்.”

“இடியே உழுந்தாலும் இறங்காதுன்னியே?”

“இடிக்குத்தான் சொன்னேன். வெயிலுக்கு நான் கேரண்டி குடுக்கல.”

‘ளபக்’ என்றது விரால். இன்னும் பக்கத்தில்.

ஆத்திரத்தில் ரத்தினசாமி ஒரு களி உருண்டையைப் பிய்த்து முள்ளில் குத்தி வீசினார். ‘தொபுக்’கென்று விழுந்தது. பாறைக்குழி முழுக்க வளையம் வளையமாக அலை போனது. அதற்குப் பிறகு அந்தக் குழியில் விரால் ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. எருமை மட்டும் மனக்கண்ணில் வந்து தலையைத் தூக்கியது.

“முடிஞ்சுது,” என்றார்.

“முடியல,” என்றார் அந்தோணிராஜ். “ரோட்டு மேல மீன்காரப் பழனாயி டிரம்முல வெரால உசுரோட வெச்சு விக்குது.”

ரத்தினசாமி அவரை ஒரு முறை பார்த்தார். வானத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு தொப்பியைச் சரி செய்துகொண்டார். “கரைக்கு ஓட்டு.”

---

வேப்ப மரத்தடியில் நீல டிரம். பக்கத்தில் பழனாயி, வாயில் வெற்றிலை. டிரம்மில் ஒரே ஒரு விரால், முழங்கை நீளம், ரத்தினசாமியை விடக் கம்பீரமாக மீசை இல்லாமலே முறைத்தது.

முன்னால் மொபெட்டில் வந்த ஒருவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். “அதைப் புடிச்சுப் போடு ஆத்தா.”

“அது ஆகாதுங். சொல்லி வெச்ச மீனு. ஜிலேபிக் கெண்டை வேண்ணா ஐஸ் பெட்டியில இருக்குது.”

மொபெட் முனகிக்கொண்டே போனது. ரத்தினசாமி தயங்கித் தயங்கி வாயைத் திறப்பதற்குள் பழனாயி டிரம்முக்குள் கை விட்டுவிட்டாள்.

“வாங்க சாமி. உங்களுக்கு இல்லாததா. எடுத்துட்டுப் போங்க.”

“பாத்தியா?” என்று அந்தோணிராஜின் காதில் கிசுகிசுத்தார். “ரோட்டு மேல நமக்குன்னு ஒரு மரியாதை இருக்குது.”

அவள் கேட்ட விலையைக் கொடுத்தார். மீனைப் பையில் போடும்போது அதன் வாலோரம் என்னமோ மஞ்சளாக மினுங்கியது. வெயில், என்று நினைத்துக்கொண்டார். போகிற வழியில் வண்டியை நிறுத்தி, வாய்க்காலில் இறங்கி, சட்டையை நனைத்துக்கொண்டார். தொப்பியை மிதித்தார். முழங்கையில் சேறு பூசினார்.

“கன்னத்துலயும் பூசு மாப்ள,” என்றார் அந்தோணிராஜ். “பெரிய மீனு. நீ இவ்வளவு சுத்தமா இருந்தா நம்ப மாட்டாங்க.”

---

செக்கிங் மேசை மேல் ட்யூப் லைட் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேறு யாரும் இல்லை. மேசை நடுவில் விரால். ஒரு பக்கம் ஜெயபாரதி. எதிர்ப் பக்கம், சேற்றோடு, ரத்தினசாமி.

“அரை மணி நேரம் இழுத்துது அம்மிணி. போட்டையே சுத்திச் சுத்தி இழுத்துது. அந்தோணி ‘உட்டுரு மாப்ள, உட்டுரு’ங்கறான். நான் உடுவனா? ‘வாடி இக்கட்டால, எம்பக்கம்’னேன். பாறையில காலை ஊனி...”

“போட்ல பாறை ஏதுங்க?”

“மனசுல ஊனுனேன். நீ கேளு.”

ஜெயபாரதி கேட்டுக்கொண்டே வேலையைப் பார்த்தாள். மீனின் மேல் டேப்பை வைத்தாள். புரட்டினாள். செதிலை நகத்தால் நீவினாள். தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் துடுப்பை விரித்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

ரத்தினசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. முள் பட்ட தடம். தூண்டிலில் பிடித்த மீனுக்கு உதட்டில் ஓட்டை இருக்க வேண்டும். குளத்தில் வலை போட்டுப் பிடித்ததாக இருந்தால்?

“மேலுதட்டுல முள்ளு ஏறின தடம் இருக்குதுங்க,” என்றாள் ஜெயபாரதி.

ரத்தினசாமி மீனைப் பார்த்தார். மீன் நல்ல மீன். கடவுள் இருக்கிறார். “பின்ன? புடிச்ச மீனுக்குத் தடம் இல்லாமப் போகுமா?”

“எந்தப் புழுவுலீங்க?”

“பச்சைத் தவளை. ரேஷியோ பெட்டி. தொறந்தேன், எடுத்தேன், போட்டேன். வெசையா வந்து கவ்விருச்சு. நீ என்னமோ கலர் இறங்கும்னியே.”

“தப்புத்தானுங்க,” என்றாள். “அந்தப் பெட்டியக் கொஞ்சம் காட்டுங்களேன். மாதிரி பாத்து நாமளும் அடுக்கிக்கலாம்.”

“அது... அது போட்லயே இருக்குது.”

“செரீங்க.”

வாலைத் திருப்பினாள். விசிறி மாதிரி விரித்தாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

வால் ஓரத்தில் ஒரு பின். பிளாஸ்டிக் பின். மஞ்சள்.

நடுவில் ஃபேன் சுற்றியது. ஜெயபாரதி பக்கமாக.

“சட்னியில இருந்து வந்து ஒட்டியிருக்கும்,” என்றார் ரத்தினசாமி.

“செக் பண்ணாத பீஸு என்ர கையை உட்டுப் போறதில்லீங்களே. நேத்து மத்தியானம் ஸ்கூட்டர் பெட்டியில கெடந்த டேக் கன்னுல அடிச்சு உட்டதுங்க. நீங்க ரிஜெக்ட்டுன்னு வீசுனீங்களே, வால் கிழிஞ்ச வெள்ளைப் புழு, அதுலதான் மாட்டுச்சு. ரெண்டாவது வீச்சுங்க.”

“உனக்கு... தூண்டில் போடத் தெரியுமா?”

“அமராவதி வாய்க்கால் ஓரத்துல பொறந்தவளுங்க நானு. பாவாடை கட்டறப்பவே வெராலு புடிச்சிருக்கறேன். கல்யாணமாகி இத்தனை வருசத்துல நீங்க கேக்கவே இல்லீங்களே.” பின்னை நகத்தால் நிமிண்டினாள். “பெட்டியத் தொட்டுப் பாத்தனுங்க, அப்பவே சூடாக் கெடந்துது. நாளைக்கு இவரு பழனாயிகிட்டத்தான் போவாருன்னு தெரிஞ்சுது. அவளோட டிரம்முல உட்டு, உங்களைத் தவுத்து ஆருக்கும் குடுக்காதீன்னு சொல்லிப்போட்டு வந்தனுங்க. உங்ககிட்ட அவ எத்தனை ரூவா வாங்குனாளோ, அது அவளுக்கே இருக்கட்டும்.”

ரத்தினசாமி ஸ்டூலில் உட்கார்ந்தார். சேறு காய்ந்து கன்னம் இழுத்தது. கடைசி நம்பிக்கையைக் கையில் எடுத்தார். “அப்ப போட்டை... தொட்டியாக்கப் போறியா?”

“அதெப்படீங்க? ஞாயித்துக்கெழமைக்குள்ள போட் ஒரு மீனு கொண்டாரோணும்னுதான பேச்சு. அதுல உக்காந்துதான புடிச்சேன். கொண்டாந்துருச்சுங்களே.” அருவாமனையை எடுத்தாள். “போட் பாஸுங்க. ஓட்டற ஆளுதானுங்க ரிஜெக்ட்டு.”

---

அடுத்த ஞாயிறு காலை, அந்தோணிராஜ் துடுப்புப் போட, ஜெயபாரதி தொப்பி வைத்துக்கொண்டு பாறைக்குழியில் இறங்கினாள். பலகைக்கு அடியில் பாலிபேக் வரிசை. வெள்ளை தனி, கறுப்பு தனி, நனைந்த சாக்கு மேலே. தொப்பி ரத்தினசாமியுடையது. அவளுக்கு அளவாகத்தான் இருந்தது.

அதே நேரத்தில் மடத்துக்குளம் பஸ்ஸிலிருந்து ரத்தினசாமி இறங்கினார். ஒரு தோளில் சிமெண்ட் பை, மறு கையில் கொத்துக் கரண்டி. தோட்டத்தில் ஓட்டைத் தொட்டிக்குப் பக்கத்தில் எருமை நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தது. எங்கேயோ பார்த்த முகம் என்று அதற்கும் தோன்றியிருக்கும்.

மாமனார் ஆத்தப்பன் துண்டை உதறிக்கொண்டே எதிரே வந்தார். “வாங்க மாப்ள, வாங்க. ஏனுங், தொட்டிக்கு ஒரு போட் அனுப்பறேன்னு பாப்பா சொல்லுச்சுங்களே. காணமுங்களே?”

“போட் வேலைக்கு ஆகுமாமுங் மாமா,” என்றார் ரத்தினசாமி. “அதுக்குப் பதுலா என்னைய அனுப்பி உட்டுருச்சுங்க.”